தூத்துக்குடியில் ஒரு மேடு

தூத்துக்குடிக்குக் கப்பல் பார்க்கப் போகிறவர்கள் உண்டு, உப்பு வாங்கப் போகிறவர்கள் உண்டு. நான் குதிரை ஓட்டிப் பார்க்கப் போனேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர், "என்ன சோலியா வாரிய?" என்று கேட்டார். உண்மையைச் சொன்னேன். தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, இறங்கும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். போடிக்கு மேலே, பஸ் போகாத மலையில், ஒரு ஏலத்தோட்டத்துக்கு நான் கணக்கப்பிள்ளை. மேலே போய்ச் சேர்ந்துவிட்டால் தோட்டம் தாம்பாளம் மாதிரி இருக்கும். செங்குத்து எல்லாம் வழியில்தான். பதினைந்து நாளைக்கு ஒருமுறை கணக்கை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி, முதலாளியின் மைத்துனரிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு, மறுபடி மேலே ஏற வேண்டும். ஏச்சு எனக்குப் பழகிவிட்டது. ஏற்றம்தான் வரவர ஒத்துக்கொள்ளவில்லை. வலது முட்டி தைலம் குடித்துக் குடித்தே தேய்ந்து போனது.

மைத்துனர் இதற்காகவே காத்திருந்தவர் போல, "முட்டி போனவருக்கு மலையில் என்ன வேலை? கீழே குடோனில் உட்காரட்டும்" என்றார். முதலாளி எல்லோரையும் திருப்திப்படுத்த நினைக்கிறவர். "தூத்துக்குடியில் நம்ம உப்புக்காரர் ஒரு சவாரிக் குதிரை விற்கிறாராம். போய் நாலு நாள் ஓட்டிப் பாரும். மலை ஏறும் என்றால் வாங்கிக்கொண்டு வந்து மேலேயே இரும். ஏறாது என்றால் குடோன்தான்" என்று தீர்ப்புச் சொன்னார். இறங்குவதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கும் அப்போது தோன்றவில்லை.

குடோனில் ஒரு ஜன்னல்கூடக் கிடையாது. மலையில் காலையில் கதவைத் திறந்தால் பனி வீட்டுக்குள் வந்து உட்காரும். தனியாள், எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான். கீழே கொண்டுபோய் உட்காரவைத்தால் செத்துப் போவேன் என்றே நினைத்தேன். எங்கள் பக்கத்தில் பொதி சுமக்கும் மட்டக்குதிரைகள் இருக்கின்றன. ஆனால் மூட்டையைத் தவிர வேறு எது முதுகில் ஏறினாலும் உருண்டு படுத்துவிடும். ஆகவே என் வாழ்க்கை தூத்துக்குடியில் ஒரு குதிரையின் நான்கு கால்களில் இருந்தது.

உப்புக்காரர் பொன்ராஜ் முத்தையாபுரத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். கடலோரம் கொஞ்சம் உப்பளமும் இருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கியதுமே, "வாங்க அண்ணாச்சி, வாங்க" என்றார். பெரிய மனிதன் என்று மரியாதை கொடுக்கிறார் என்று நிமிர்ந்து நடந்தேன். கடைக்கு வந்த ஆள், "அண்ணாச்சி, கால் கிலோ துவரம்பருப்பு" என்று அவரைக் கேட்டார். அவர், "இந்தா அண்ணாச்சி" என்று பருப்பைக் கட்டிக் கொடுத்தார். அந்த ஊரில் எல்லோரும் அண்ணாச்சிதான் என்று தெரிந்தபோது என் முதுகு பழைய நிலைக்கு வந்தது.

காப்பி வந்தது. தண்ணீரிலேயே உப்பு, சர்க்கரை போட்டும் உப்பு போகவில்லை. அவர் மனைவி செல்லக்கனி ஒரு தட்டில் மக்ரூன் கொண்டு வந்து வைத்தார். முந்திரியும் முட்டையின் வெள்ளையும் சேர்த்து அடித்துச் செய்வார்களாம். கூம்பு கூம்பாக நின்றது. நாக்கில் வைத்ததும் காணாமல் போனது. எங்கள் மலைக்கு இதைக் கொண்டு போக வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தேன்.

கடையின் பக்கத்தில் ஓலைக்கொட்டகை. உள்ளே ஒரு பக்கம் புது ஸ்கூட்டர், சந்தனப்பொட்டு வைத்து, போர்வை போர்த்தி நின்றது. பெயர் பதிந்து வருடக்கணக்காகக் காத்திருந்து இப்போதுதான் வந்ததாம். இன்னொரு பக்கம் குதிரை. பழைய வேட்டி நிறம், நீள முகம், யோசனையான கண்கள். பெயர் முத்து. முத்து நகரத்தில் நான் பார்த்த ஒரே முத்து அதுதான்.

"டாக்டர் உடம்பக் குறைக்கச் சொன்னாரு, அதுக்குத்தான் வாங்குனேன்" என்றார் பொன்ராஜ். "நாலு வருசமா தெனமும் உப்பளத்துக்கு இதுலதான் போயிட்டு வாரேன்."

"குறைஞ்சதாண்ணே?"

"குறைஞ்சுது. குதிரைக்கு."

ஸ்கூட்டர் வந்த பிறகு இரண்டும் எதற்கு என்று செல்லக்கனி சொன்னாராம். செல்லக்கனி அந்தச் சமயம் முந்தானைக்குள்ளிருந்து கருப்பட்டித் துண்டு ஒன்றை எடுத்து முத்துவின் வாயில் வைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையை மறைத்தார். குதிரை மறைக்கவில்லை; சத்தமாக மென்றது.

"அண்ணே, எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும். இது மேடு ஏறுமா?" என்று கேட்டேன்.

"மேடா?" என்று சிரித்தார் பொன்ராஜ். "நல்லா கேட்டிய போங்க. இங்கன மேட்டுத் தெருன்னே ஒண்ணு இருக்கு. வாங்க, இப்பமே போவோம்."

அரிசி மூட்டை மேல் ஏறி நின்று, அங்கிருந்து குதிரை மேல் ஏறினேன். பொன்ராஜ் சைக்கிளில் முன்னால் போனார். முத்து அருமையான நடை நடந்தது. முட்டிக்கு ஒரு குலுக்கல் இல்லை. தெருவுக்குள் நுழைந்தோம். கோழிகள், தண்ணீர்க் குடங்கள், வாய்பிளந்து பார்க்கும் பிள்ளைகள். தெரு முடிந்தது. பொன்ராஜ் இறங்கி நின்று, "எப்படி ஏறுனான் பாத்தியளா!" என்றார்.

"எங்கண்ணே ஏறினான்?"

"இதான அண்ணாச்சி மேடு! தாண்டி வந்துட்டியளே."

திரும்பிப் பார்த்தேன். ஒரு கோலிக்குண்டை வைத்தால் எந்தப் பக்கம் உருளுவது என்று யோசித்துக்கொண்டு நிற்கும். எங்கள் ஊரில் மலையேற்றத்தை மெட்டு என்போம்; ஏறினால் காது அடைக்கும், மேகம் காலுக்குக் கீழே போகும். அதைச் சொன்னேன். பொன்ராஜ் கொஞ்சம் வருத்தப்பட்டார். "மழைக்கு வந்து பாருங்க. ஊரே முங்கும், இங்கன மட்டும் தண்ணி நிக்காது" என்றார். தண்ணீர் நிற்காத இடமெல்லாம் அங்கே மேடு. அதற்குமேல் ஒரு மேட்டுக்கு என்ன வேலை என்பது அவர்கள் எண்ணம்.

மறுநாள் அவர் பாஞ்சாலங்குறிச்சியைச் சொன்னார். கோட்டை கட்டிய இடம் மேடாகத்தானே இருக்கும்? தூரம் அதிகம் என்பதால் முதலில் நாங்கள் பஸ்ஸில் போய் மேட்டைப் பார்ப்பது, பிடித்திருந்தால் குதிரையைக் கொண்டுபோவது என்று ஏற்பாடு. பாதி வழியில் பஸ் நின்றுவிட்டது. எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டும் என்றார் கண்டக்டர். நான் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். "நீங்க இறங்காதிய அண்ணாச்சி, அப்படியே இருங்க!" என்று கீழேயிருந்து கத்தினார் பொன்ராஜ். இருபது பேர் வேர்க்க விறுவிறுக்கத் தள்ள, நான் ஒருவன் பல்லக்கில் போவதுபோல் உள்ளே உட்கார்ந்திருந்தேன். சுற்றிலும் கரிசல், உடைமரம். அடிவானம்வரை ஒரு புடைப்பு இல்லை.

கோட்டை புதிதாகக் கட்டிய நினைவுக் கோட்டை. மதில் உயரமாகத்தான் இருந்தது. ஆனால் மதிலில் குதிரை ஏறாது. வாசலில் உட்கார்ந்திருந்தவரிடம், உள்ளே மேடு ஏதும் உண்டா, குதிரையைக் கொண்டுவரலாமா என்று விசாரித்தேன்.

"குதிரை உள்ள விடமாட்டோம்."

"கொண்டு வரலீங்க. சும்மா கேட்டேன்."

"கேக்கவும் கூடாது."

குதிரையேறிச் சண்டை போட்டவர்களின் கோட்டையில் குதிரைக்கு இடம் இல்லை என்பதைக் குறித்துக்கொண்டு திரும்பினோம். வழியில் எண்ணெயில் பொரித்த புரோட்டா சாப்பிட்டோம். மொறுமொறுவென்று முறுக்கு மாதிரி உடைந்தது. பொன்ராஜ் ஆறு சாப்பிட்டார். டாக்டர் சொன்னது குதிரைக்குத்தான் என்பதில் எனக்குச் சந்தேகம் தீர்ந்தது.

மூன்றாம் நாள் கடற்கரை. ஈரமணலில் முத்து ஓடிய ஓட்டத்தை இப்போது நினைத்தாலும் மனம் குளிர்கிறது, அன்றைக்குப் பிடரியைக் கட்டிக்கொண்டிருந்தேன். சமதரையில் அந்தக் குதிரையிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. "நில்" என்றால் நின்றது, கழுத்தைத் தட்டினால் போனது. எனக்கு அதைப் பிடித்துவிட்டது. அதனாலேயே பயமும் வந்தது. பிடித்த பிறகு, இது ஏறாது என்று தெரிந்தால் என்ன செய்வேன்?

படகு நிழலில் சந்தியாகு என்பவர் உட்கார்ந்திருந்தார். சங்கு குளிக்கிறவர், பொன்ராஜ் கடை வாடிக்கை. என் தேடலைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"மேடா? இருக்கே! மேடு, பள்ளம், பாறை எல்லாம் இருக்கு. தண்ணிக்கு அடியில. அந்தப் பாறைத் திட்டப் 'பாரு'ன்னு சொல்லுவோம். முத்துச் சிப்பி அதுலதான் இருக்கும். குதிர நீஞ்சுமா?"

"இப்போ முத்து குளிக்கிறீங்களா?"

"அது கவர்மெண்டு சொன்னாத்தான். இப்பம் சங்குதான். முத்துதான் ஒங்க பக்கத்துல நிக்கானே!"

எங்கள் மலையைப் பற்றிச் சொன்னேன். ஏறுவதும் இறங்குவதும் என்ன பாடு என்றேன். அவர், "இறங்குததுக்கு என்ன? கல்லக் கால்ல கட்டுனா போதும், தானா போயிரலாம். ஏறுததுலதான் உசுரு இருக்கு" என்றார். முட்டியைத் தடவிக்கொண்டு, எனக்கும் அப்படித்தான் என்றேன்.

அன்று மாலை பொன்ராஜ், "அப்பம் குதிர வேண்டாம்னு சொல்லிருவியளோ?" என்று கேட்டார். வியாபாரம் போகிறதே என்ற முகம் அதில் இல்லை. வேறு ஏதோ இருந்தது. மூன்று நாளாக இந்த மனிதர் தட்டையான மேடுகளாகவே தேடித்தேடி என்னைக் கூட்டிப் போகிறார் என்று எனக்கு லேசாக உறைத்தது.

நான்காம் நாள் அவர் உப்பளத்தைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று கூப்பிட்டார். நான் முத்துவின் மேல், அவர் சைக்கிளில். ஸ்கூட்டரை ஏன் எடுக்கவில்லை என்று நான் கேட்கவில்லை. வரப்பில் திரும்பியதும் நின்றுவிட்டேன். பாத்திகளுக்கு அப்பால், வெயிலில் கண்ணைக் கூசவைத்துக்கொண்டு, வெள்ளை வெளேரென்று உப்பு அம்பாரம். வீட்டுக் கூரை உயரம் இருக்கும். மழையில் நனைந்து வெயிலில் காய்ந்து மேலே பாறைபோல் இறுகியிருந்தது. ஒரு கோடியில் லாரிக்கு உப்பு வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணே, இது என்ன?"

"உப்பு."

"மூணு நாளா மேடு மேடுன்னு அலையறேனே!"

"இது உப்புல்லா அண்ணாச்சி? இத யாரு மேடும்பா?"

உப்பு அவருக்கு உப்புதான். அந்த ஊரில் ஒருவருக்கும் அது மேடாகத் தெரியவில்லை. நான் முத்துவை அதன் எதிரே நிறுத்தினேன். என் நெஞ்சு அடித்துக்கொண்டதை அது சேணத்தின் வழியாகவே கேட்டிருக்கும். கழுத்தைத் தட்டினேன். காதுகளை முன்னால் நீட்டியது, ஒருமுறை மூச்சு விட்டது, பிறகு ஏறியது. ஏறியது என்றால் சும்மா இல்லை. பிறந்ததிலிருந்து இதற்காகவே காத்திருந்ததுபோல், உப்பு பொரிந்து சிதற, ஒரே மூச்சில் உச்சிக்குப் போய் நின்றது.

நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. நான்கு நாளில் முதல்முறையாக ஒரு ஊரை மேலேயிருந்து பார்த்தேன். கண்ணாடித் துண்டுகளாகப் பாத்திகள், பனைகள், புதுத் துறைமுகத்தில் ஒரு கப்பல், அப்புறம் கடல். மலைக்காற்று இல்லை, உப்புக்காற்றுதான். ஆனாலும் காற்று. குடோனுக்குப் போக வேண்டாம் என்று வாய்விட்டே சொன்னேன். கண்ணில் நீர் வந்தது. உப்பின் வெளிச்சம் என்று வைத்துக்கொள்ளலாம்.

பிறகு இறங்கலாம் என்று கடிவாள வாரைத் திருப்பினேன். முத்து விளிம்புவரை வந்தது. கீழே பார்த்தது. இரண்டடி பின்னால் போய் நின்றுகொண்டது. தட்டினேன், கெஞ்சினேன், எங்கள் மட்டக்குதிரைகளைத் திட்டும் வார்த்தைகளில் திட்டினேன். அசையவில்லை.

"என்ன அண்ணாச்சி?" என்று கீழேயிருந்து பொன்ராஜ்.

"இறங்க மாட்டேங்குதுண்ணே!"

"இறங்க மாட்டுக்கானா? இது எனக்கே தெரியாதே! ஏறுனாத்தான தெரியும்!"

உப்பு வெட்டிய பெண்கள் கூடையைப் போட்டுவிட்டு வந்து நின்றார்கள். "ஏளா, உப்புக்கு மேல அய்யனாரு வந்துட்டாருளா!" என்று ஒருத்தி கும்பிட்டாள். பொன்ராஜ் கருப்பட்டியைக் காட்டினார். முத்து கழுத்தை மட்டும் நீட்டிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றது. நானாவது இறங்கலாம் என்றால், அந்தச் சரிவில் முட்டி ஒரு அடி தாங்காது. மத்தியானம் ஆனது. சோறும் மீன் குழம்பும் தூக்குச்சட்டியில் வைத்து, கூடையில் கட்டி மேலே அனுப்பினார்கள். சேணத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். சீலா மீன் நன்றாக இருந்தது. அன்று மட்டும் உப்பு குறைவு.

கடைசியில் இசக்கியம்மாள் என்ற பெண் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வந்தாள். பெண்களுக்கு அவள்தான் தலைவி. "சவத்துக் குதிர இறங்கலேன்னா விடு. எப்படியும் உப்ப வெட்டி லாரியில ஏத்தணும்லா? அங்கன வெட்டுதத இங்கன வெட்டுவோம். ஆனா அண்ணாச்சி, எல்லாருக்கும் டீயும் வடையும் வாங்கித் தரணும்" என்றாள்.

"ஏளா, வெட்டுங்களா!" என்றார் பொன்ராஜ்.

வெட்டினார்கள். கூடை கூடையாக உப்பு போய்க்கொண்டே இருந்தது. சரிவு மெல்ல மெல்லச் சாய்ந்து, மேட்டுத் தெருவைப் போல ஆனது. சாயங்காலம் முத்து தான் இறங்குகிறோம் என்பது தெரியாமலே நடந்து தரைக்கு வந்து சேர்ந்தது. குதிரை இறங்கவில்லை, உப்புதான் இறங்கியது.

நான் தரையில் கால் வைத்ததும் பொன்ராஜ் என் கையைப் பிடித்துக்கொண்டார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"வருத்தப்படாதிய அண்ணாச்சி. ஒங்களுக்கு அலைச்சல்தான். நான் என்னத்தச் சொல்ல? நம்ம ராசி, இது மலைக்கு ஆவாது. இன்னும் கொஞ்ச நாள் இங்கனயே கெடக்கட்டும்."

"வாங்கிக்கிறேண்ணே" என்றேன்.

சிரிப்பு நின்றது. "இறங்க மாட்டுக்கான். கண்ணால பாத்தியள்லா?"

"பார்த்தேன்."

"மலையில ஏறுனா அங்கனயே நின்னுருவான் அண்ணாச்சி! கீழ வரவே மாட்டான்!"

"அதனாலதான்."

விற்கிறவர் குறை சொல்லவும் வாங்குகிறவர் புகழவும் ஒரு பேரம் நடந்தது. அப்படி ஒன்றை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. உச்சியில் உட்கார்ந்திருந்த அந்த நேரத்தில்தான் எனக்குப் புரிந்திருந்தது: அந்த உப்பின் மேல் இறங்க மனமில்லாமல் நின்றது ஒரு ஜீவன் இல்லை, இரண்டு. பதினைந்து நாளைக்கு ஒருமுறை நான் ஏன் இறங்க வேண்டும்?

இரவு தந்தி கொடுத்தேன். 'குதிரை ஏறும். வாங்கினேன்.' இரண்டும் உண்மை.

மறுநாள் காலை உப்பு லாரியில் பலகை போட்டதும் முத்து தானாக ஏறி நின்றது. செல்லக்கனி ஓலைப்பெட்டி நிறையக் கருப்பட்டி கொண்டு வந்தார். "தெனம் ஒரு துண்டு. அதுக்கு மேல குடுத்தா வயித்தால போவும். ராத்திரி கிட்டக்க யாராவது பேசிக்கிட்டிருக்கணும், இல்லேன்னா தூங்காது" என்று சொல்லும்போதே அழுதுவிட்டார். ஸ்கூட்டர் வந்ததும் இரண்டும் எதற்கு என்று அவர் கேட்டது உண்மைதானாம். ஆனால் அவர் விற்கச் சொன்னது ஸ்கூட்டரை, குதிரையை இல்லை. பொன்ராஜ் இதை இப்போதுதான் கேட்கிறவர்போல் நின்றார். எனக்குச் சங்கடமாக இருந்தது. ஆனாலும் குதிரையைத் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. நீங்கள் இரண்டு பேரும் மலைக்கு வந்து பாருங்கள் என்று மட்டும் சொன்னேன்.

மலையடிவாரத்தில் முதலாளியும் மைத்துனரும் காத்திருந்தார்கள். லாரியை ஒரு மண்கரை ஓரமாகப் பின்னுக்கு விட்டு, கரையும் லாரித்தட்டும் ஒரே மட்டமாக இருக்கும்படி நிறுத்தச் சொன்னேன்.

"பலகை போட்டு இறக்கலாமேய்யா?" என்றார் முதலாளி.

"இது வசதிங்க முதலாளி."

முத்து நேராக நடந்து கரைக்கு வந்தது. அதே கரையில் நின்று நான் ஏறிக்கொண்டேன். எதிரே மலை. காதுகளை முன்னால் நீட்டியது. முதல் வளைவை நாங்கள் தாண்டும்போது முதலாளியின் குரல் கீழேயிருந்து சந்தோஷமாகக் கேட்டது: "பிரமாதமா ஏறுதேய்யா! கணக்கு எடுத்துக்கிட்டு என்னைக்கு இறங்குவீர்?"

"குதிரையைத்தான் கேக்கணும் முதலாளி" என்றேன். அவருக்குக் கேட்டதோ என்னவோ.

அதன் பிறகு பதினைந்து நாளைக்கு ஒருமுறை கணக்குப் பார்க்க மைத்துனர்தான் மேலே வருகிறார், நடந்தே. முதல் தடவை வந்தபோது முத்துவின் பக்கத்தில் உட்காரவைத்து, தூத்துக்குடி மக்ரூன் கொடுத்தேன். ஏசுவதற்கு அவரிடம் மூச்சு மிச்சமில்லை. இரண்டு கைகளாலும் வலது முட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தார். உள்ளே போய் என் தைலத்தை எடுத்து வந்து கொடுத்தேன்.